வெயிலில் ஒரு கறுப்பு நாய்

கறுப்பு நாயை வெயிலில் வைத்து வரையக் கிளம்புகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது, கறுப்பு வண்ண டியூபை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவதுதான். மணியை வரைந்து முடித்த பிறகு இதை இன்னும் உறுதியாகச் சொல்கிறேன். கேன்வாஸில் உட்கார்ந்திருக்கிற மணியைப் பார்க்கிற எல்லோரும் கறுப்பு நாய் என்றுதான் சொல்கிறார்கள். அதில் ஒரு பொட்டுக் கறுப்பு கிடையாது. நீலம், காவி, செம்மண் நிறம், கொஞ்சம் மாவிலைப் பச்சை, வெள்ளை. அவ்வளவும் சேர்ந்துதான் அந்தக் கறுப்பு.

மணி என் அத்தை வீட்டு நாய். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சந்தூர் பக்கம் அவர்களுக்கு மாந்தோப்பு. முக்கால்வாசி கிளிமூக்கு மரம், வீட்டை ஒட்டிக் கொஞ்சம் செந்தூரா. ராத்திரியில் தோப்புக் காவல், பகலில் அத்தை எங்கே உட்காருகிறாரோ அங்கே படுக்கை, இதுதான் மணியின் வேலை. நாட்டு நாய். நெஞ்சில் ஒரு வெள்ளைத் திட்டு, முன்னங்கால் இரண்டிலும் விரல் நுனி மட்டும் வெள்ளை. வலது காது விறைத்து நிற்கும், இடது காது பாதியில் மடிந்து விழும். வயதாகிவிட்டது. வாயைச் சுற்றி நரை ஏறியிருக்கிறது, புருவத்திலும் இரண்டொரு வெள்ளை முடி.

"இருக்கும்போதே ஒண்ணு வரைஞ்சு குடுத்துடு கண்ணு. போனதுக்கப்புறம் பொட்டு வெச்சி மாலை போடுற படம் எனக்கு வேணாம்" என்றார் அத்தை. "வெயில்ல உக்காந்துக்கினு இருக்கிற மாதிரி போடு. காலைல வெயில் காயறதுன்னா அதுக்கு அவ்ளோ இஷ்டம்."

நாய்க்கு உருவம் செய்து வைப்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. ஊத்தங்கரை தாண்டிச் செங்கம் வட்டாரத்துக்குள் போனால் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. சண்டையில் விழுந்த வீரனோடு அவனுடைய நாயையும் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன்னால் ஒரு நாய்க்குப் பெயரோடு கல் நட்ட மண்ணில் இருந்துகொண்டு, மணியின் படத்தை ஏனோதானோ என்று வரைய எனக்கு மனம் வரவில்லை.

வண்ணம் எது என்பதில் முதலில் யோசனை ஓடியது. அக்ரிலிக் வேலைக்குச் சுலபம், தண்ணீர் போதும், வாசனை கிடையாது. ஆனால் பங்குனி வெயிலில் பேலட்டில், அதாவது வண்ணம் கலக்கும் தட்டில், பிதுக்கிய அக்ரிலிக் நாம் பிரஷைத் துடைப்பதற்குள் தோல் கட்டிவிடும். நாயின் உடம்பில் ஒரு நிறம் இன்னொரு நிறத்துக்குள் கரைகிற இடங்கள்தான் அதிகம், ஈரம் இருந்தால்தான் அந்தக் கரைப்பு வரும். அதனால் அடித்தளத்துக்கு மட்டும் அக்ரிலிக், மேலே எல்லாம் ஆயில், அதாவது எண்ணெய் வண்ணம் என்று முடிவு செய்தேன். காய்ந்த அக்ரிலிக்கின் மேல் ஆயில் போகலாம். ஆயிலின் மேல் அக்ரிலிக் போகக் கூடாது, பிடிக்காமல் பின்னால் உரிந்து வரும்.

கேன்வாஸ் 16க்கு 20 அங்குலம். வெள்ளையாக விடாமல், எல்லோ ஆக்கர் என்கிற காவி மஞ்சளும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் கலந்து மெலிதாக ஒரு செம்மண் பூச்சு அடித்தேன். தோப்பின் தரை நிறமே அதுதான் என்பதால், பின்னால் பிரஷ் படாமல் விட்டுப்போகிற சின்ன இடுக்குகள்கூடப் படத்துக்குள் தரையாகவே சேர்ந்துவிடும். இன்னொரு லாபமும் உண்டு. வெள்ளைப் பரப்பின் மேல் எந்த நிறத்தை வைத்தாலும் அடர்த்தியாகத் தெரியும். நடுத்தர நிறத்தின் மேல் வைத்தால்தான் எது வெளிச்சம், எது நிழல் என்று முதல் பிரஷிலிருந்தே சரியாகப் பிடிபடும்.

வெளியே வரையும்போது கேன்வாஸை வெயிலில் நிறுத்தக் கூடாது. வெயில் பட்ட கேன்வாஸில் எல்லா நிறமும் பளீரென்று தெரியும், அதை நம்பி வரைந்து வீட்டுக்குள் கொண்டுவந்தால் படம் இருண்டு கிடக்கும். நான் கேன்வாஸைத் தாங்குகிற ஈசல் சட்டத்தை மரநிழலில், வெயிலுக்கு முதுகு காட்டி நிறுத்தினேன். நிழல் போதாத இடத்தில் கறுப்புக் குடை பிடித்தேன். பூப்போட்ட குடையும் சிவப்புக் குடையும் இதற்கு ஆகாது, துணியின் நிறம் கேன்வாஸில் விழுந்து கலவையைக் கெடுக்கும். நாம் போடுகிற துணிக்கும் இதே கதைதான். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு ஆயில் படத்தின் முன்னால் உட்கார்ந்தால், ஈர வண்ணத்தில் அதன் வெளிச்சம் பட்டுக் கண் கூசும். அடர் நிற நூல் புடவை கட்டிக்கொண்டு போனேன்.

நேரத்தைக் கடிகாரம் பார்த்து வைத்துக்கொள்ளவில்லை. ஒரு குச்சியைத் தரையில் நட்டு, அதன் நிழல் குச்சியைப்போல இரண்டு பங்கு நீளம் இருக்கும்போது வேலையைத் தொடங்கினேன். அப்போது சூரியன் அடிவானத்திலிருந்து 27 டிகிரி உயரத்தில் இருக்கும். நம் ஊரில் பங்குனிக் காலையில் எட்டு மணியை ஒட்டி வரும். நிழலும் குச்சியும் ஒரே நீளம் ஆனால் 45 டிகிரி, கடையைக் கட்டிவிட வேண்டியதுதான். அதற்கு மேல் வெயில் மேலிருந்து இறங்கத் தொடங்கும். முதுகு மட்டும் பளபளக்கும், கண் குழிக்குள் போய்விடும், முகத்தின் வடிவமே செத்துவிடும். கிருஷ்ணகிரி இருக்கிற அட்சரேகையில் ஏப்ரல் 24 வாக்கில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேராகவே வந்து நிற்கும். அந்த வெயிலில் யாரையும் வரைய முடியாது, நாயை அங்கே உட்காரவைப்பதும் பாவம். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை இறக்கும். நாக்கு நீண்டு தொங்க ஆரம்பித்தால், படம் எந்த நிலையில் இருந்தாலும் நிறுத்திவிட்டுத் தண்ணீர் வைத்துவிட வேண்டும்.

மணியை உட்காரவைப்பது அத்தை கையில் இருந்தது. பங்குனி, அந்தப் பக்கமெல்லாம் புளி தட்டுகிற காலம். அத்தை வாசலில் சாக்கை விரித்து, சின்னச் சுத்தியலால் புளியைத் தட்டிக் கொட்டை எடுக்க உட்கார்ந்தால் மணி பக்கத்தில் வந்து, வெயில் விழுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். சுத்தியல் சத்தம் இருக்கிறவரை எழுந்திருக்காது. சத்தம் நின்றால் காது இரண்டும் அத்தை பக்கம் திரும்பும். எனக்கு வலது காது நிமிர்ந்து முன்னால் பார்க்க வேண்டும் என்றால் "அத்தை, கொஞ்சம் நிறுத்துங்க" என்பேன். வேலை முடிந்ததும் மணிக்கு ஒரு துண்டு கேழ்வரகுக் களி.

என்ன இருந்தாலும் நாய் நாய்தான், அசையும். அதனால் மூன்று வழியையும் சேர்த்தே வைத்துக்கொண்டேன். உடம்பின் நிலைக்குப் பென்சில் கிறுக்கல்கள், நிறத்துக்கு நேரில் பார்த்து வைத்த சின்ன ஆயில் குறிப்புகள், அளவுக்கும் நுணுக்கத்துக்கும் செல்போன் படங்கள். இதில் செல்போனை நிறத்துக்கு நம்பவே கூடாது. திரையில் மணியின் முதுகைத் தொட்டு எடுத்தால் முதுகு நன்றாக வரும், தரை வெளுத்துப் போகும். தரையைத் தொட்டு எடுத்தால் தரை நன்றாக வரும், மணி ஒரு கறுப்பு ஓட்டையாகிவிடும். இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, கண்ணால் பார்த்த நிறக் குறிப்பை நடுவராக வைத்துக்கொண்டேன். கிட்டே போய் எடுக்கவும் கூடாது. கைக்கெட்டும் தூரத்தில் எடுத்தால் மூக்கு பெருத்து, காது சிறுத்து, எந்த நாயும் ஒரே முகமாக வரும். மூன்று நான்கு மீட்டர் தள்ளித் தரையில் உட்கார்ந்து, அதன் கண் மட்டத்தில் போனைப் பிடித்து, ஜூம் வைத்து எடுத்தால் முகம் முகமாக இருக்கும்.

வரைகோட்டில் முகத்துக்குத்தான் அதிக நேரம் கொடுத்தேன். மூக்கு நுனியிலிருந்து பின்மண்டை எலும்பு வரை அளந்தால், நாட்டு நாய்க்குக் கண் ஏறக்குறைய நடுவில் வரும். பார்க்கிறபோது அப்படித் தோன்றாது. கண்ணும் மூக்கும் நம் கவனத்தை இழுப்பதால் நெற்றியைக் குறைத்துப் போட்டுவிடத் தோன்றும். மண்டையை முழுசாகக் கொடுத்தால்தான் காது சரியான இடத்தில் முளைக்கும். முன்னங்காலின் முழங்கை நெஞ்சுக் கூட்டின் அடிக்கோட்டை ஒட்டி வருகிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். உட்கார்ந்த நாய்க்கு அந்த இடம் தப்பினால் பொம்மை ஆகிவிடும்.

இனி அந்தக் கறுப்புக்கு வருகிறேன். இந்த வேலையில் எனக்குப் பெரிய ஆனந்தம் கிடைத்ததே இங்கேதான்.

ஒரு சாம்பல் நிற அட்டையில் பேப்பரில் துளை போடுகிற பஞ்ச் கருவியால் ஒரு ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். கையை நீட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் அந்த ஓட்டை வழியாகப் பாருங்கள். ஓட்டைக்குள் தெரிவது நாயா, தரையா என்று தெரியாது, நிறம் மட்டும் தெரியும். மணியின் முதுகு மேட்டை அதில் பிடித்தேன். வெளிர் நீலச் சாம்பல். விலாவுக்கு இறக்கினேன். காவியேறிய பழுப்பு. வயிற்றடிக்குப் போனேன். செங்கல் நிறம், அடர்த்தியாக. தோப்பைப் பார்த்திருந்த இடது தோளில் மெலிதாகப் பச்சை. இத்தனையும் கறுப்பு முடியின் மேல். முடிக்கு மினுமினுப்பு உண்டு, அது சுற்றியிருப்பதை எல்லாம் வாங்கித் திருப்பித் தருகிறது. வானத்தைப் பார்க்கிற பரப்பு வானத்தின் நீலத்தை வாங்குகிறது. கீழே பார்க்கிற பரப்பு செம்மண்ணில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை வாங்குகிறது. இதே நாயைப் பச்சைப் புல்தரையில் உட்காரவைத்தால் வயிறு பச்சையாகும். சிமென்ட் தரையில் வைத்தால் சாம்பலாகும். அதனால் மணியின் கறுப்பு அந்தத் தோப்பின் கறுப்பு. வேறு இடத்தில் அது கிடைக்காது.

ஓட்டையை அப்படியே நெஞ்சின் வெள்ளைத் திட்டுக்கு நகர்த்தினேன். நெஞ்சு அப்போது நிழலில் இருந்தது. அந்த வெள்ளையும் முதுகின் வெயில் மினுக்கும் ஏறக்குறைய ஒரே வெளிச்ச அளவு! நாய் கறுப்பு, நெஞ்சு வெள்ளை என்று நமக்குத் தெரிந்திருப்பதால் கண் அதை ஒப்புக்கொள்ளாது. வெயிலில் இருக்கிற பொருளுக்கும் அடர்ந்த மரநிழலில் இருக்கிற பொருளுக்கும் விழுகிற வெளிச்சத்தில் பத்துப் பங்குக்கு மேல்கூட வித்தியாசம் இருக்கும். அந்த அளவு வித்தியாசம் கறுப்பையும் வெள்ளையையும் ஒரே படியில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. நெஞ்சுக்கு டியூபிலிருந்து எடுத்த வெள்ளையை அப்பிவிட்டால் படத்தில் வெயில் செத்துப்போகும். அந்த வெள்ளைத் திட்டுக்கு நான் போட்டது அல்ட்ராமரைன் நீலம், துளி பர்ன்ட் சியன்னா, வெள்ளை, கீழ்ப்பக்கம் தரையிலிருந்து ஏறுகிற வெளிச்சத்துக்குக் கொஞ்சம் ஆக்கர். தள்ளி நின்று பார்த்தால் பால் வெள்ளையாகத்தான் தெரிகிறது.

கறுப்புக்கு அடிப்படைக் கலவை அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும். சமமாகத் தொடங்கி, நீலம் ஏறினால் குளிர்ந்த கறுப்பு, சியன்னா ஏறினால் சூடான கறுப்பு. டியூப் கறுப்பில் இந்த ஏற்ற இறக்கம் கிடைக்காது, அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உட்கார்ந்துவிடும். அல்ட்ராமரைன் ஒரு காலத்தில் லாபிஸ் லசூலி என்ற கல்லை அரைத்து எடுத்த நிறம், தங்க விலை விற்றது. பிரான்ஸில் கிமே என்பவர் அதைச் செயற்கையாகச் செய்து காட்டி 1828இல் பரிசு வாங்கினார். அதற்குப் பிறகுதான் நம்மைப் போன்றவர்கள் கைக்கு வந்தது. வெள்ளைத் துணிக்கு அந்தக் காலத்தில் போட்ட நீலப் பொடியும் இதே பொருள்தான்.

கலவையைப் பேலட்டில் வைத்தே சரி பார்க்க முடியாது. கத்தி நுனியில் கொஞ்சம் எடுத்து, வெயிலில் நீட்டி, மணியின் முதுகுக்கு நேராகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் ஒப்பிட்டேன். இரண்டும் ஒன்றோடொன்று கரைந்தால் கலவை சரி. பிறகு அதே கலவையை நிழலில் இருக்கிற கேன்வாஸுக்கு ஏற்றாற்போல ஒட்டுமொத்தமாக ஒரு படி இறக்கிக்கொள்வேன். எல்லா நிறத்தையும் ஒரே அளவு இறக்கினால் உறவு கெடாது, உறவு கெடாதவரை வெயிலும் போகாது.

முதல் நாள் அக்ரிலிக்கில் வெயில் பக்கம், நிழல் பக்கம் என்று இரண்டே துண்டாக மணியைப் பிரித்தேன். நிழலின் எல்லைக்கோட்டை முதலில் குறித்துவிட்டு அதற்குப் பிறகு நகர்த்தக் கூடாது. பூமி ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி சுழல்கிறது. அரை மணி நேரத்தில் கழுத்தின் நிழல் எங்கேயோ போயிருக்கும், அதைத் துரத்திக்கொண்டு போனால் ஒரே படத்தில் இரண்டு சூரியன் வந்துவிடும்.

அதன் மேல் ஆயில். முதல் பூச்சு, வண்ணத்தைக் கரைக்கிற டர்பன்டைனில் மெலிதாக, அடுத்தடுத்த பூச்சுகளில் ஆளிவிதை எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். எண்ணெய் அதிகமுள்ள பூச்சு மெதுவாகக் காயும். அது அடியில் போய், சீக்கிரம் காய்கிற மெலிந்த பூச்சு மேலே வந்தால் மேல்தளம் வெடிக்கும். முடியை ஒவ்வொரு இழையாக வரைய நான் போகவில்லை. அகலமான தட்டை பிரஷால் பரப்பு பரப்பாக வைத்தேன், பிரஷ் போகிற திசை மட்டும் முடி போகிற திசையில். மூக்கிலிருந்து நெற்றிக்கு மேல்நோக்கி, கழுத்தில் பின்னால், தோளில் கீழே. நெஞ்சின் நடுவில் முடி இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்கிற சுழி ஒன்று மணிக்கு உண்டு, அதைப் பார்த்து வைத்தேன். மினுக்கு எப்போதும் முடியின் நீளத்துக்குக் குறுக்கே பட்டையாகத்தான் விழும். இதைக் கவனித்துப் போட்டால், இழை வரையாமலேயே முடி முடியாகத் தெரியும். ஒரு வெளிச்சம் அடுத்த இருட்டுக்குள் போகிற ஓரங்களில் மட்டும் உலர்ந்த பிரஷால் நாலைந்து இழைகள் இழுத்துவிட்டேன்.

பின் தொடையில் ஒரு இடம், மணியோடு நெருங்கிப் பழகியவர்களுக்குத்தான் தெரியும். தினமும் அதே பக்கம் காட்டி வெயில் காய்ந்து காய்ந்து அங்கே கறுப்பு முடி செம்பட்டை ஆகியிருக்கிறது. முடியின் கறுப்பு நிறமியை வெயில் சிதைக்கிறது, மனிதர் தலைக்கு நடப்பதுதான் நாய்க்கும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு முடியும் அடியில் கறுப்பு, நுனியில் துருநிறம். இந்த இடத்துக்குக் காய்ந்த அடர் நீலத்தின் மேல் பர்ன்ட் சியன்னாவை எண்ணெயில் கரைத்துக் கண்ணாடிபோல அடி நிறம் தெரிகிற மெல்லிய பூச்சாக ஒரு முறை ஓட்டினேன். அடியிலிருக்கிற நீலம் இருளாகவும் மேலே சியன்னா துருவாகவும் ஒன்றாகத் தெரிந்தது. இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த உள்ளங்கை அகல இடம் இதுதான்.

காதுக்கு வருவோம். நிமிர்ந்த வலது காதின் பின்னாலிருந்து வெயில் வந்தது. மணியின் தோல் கறுப்புதான், ஆனாலும் காதோரம் மெலிசு. அந்த ஓரத்தில் மட்டும் ரத்தச் சிவப்பு அடர்த்தியாக ஒரு கோடு தெரிந்தது. பர்ன்ட் சியன்னாவில் கொஞ்சம் காட்மியம் ரெட் சேர்த்து, வெள்ளை கலக்காமல் வைத்தேன். வெள்ளை சேர்ந்தால் ஒளி ஊடுருவுகிற உணர்வு போய், மேலே பூசிய நிறம்போல ஆகிவிடும்.

மடிந்த இடது காதில் கீரியோடு சண்டை போட்டபோது வாங்கிய ஒரு கிழிசல் உண்டு. மாமா வந்து பார்த்துவிட்டு, "அத எதுக்கும்மா போடற, நல்லா இருக்கிற காதா போட்டுடு" என்றார். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தக் கிழிசல் இல்லன்னா அது யாரு வூட்டு நாயோ." நான் அத்தை பக்கம். கிழிசலின் உள்விளிம்பில் சின்னதாக ஒரு வெளிச்சப் பொட்டு விழுகிறது, அதையும் வைத்தேன்.

கண்ணில் வெள்ளைப் புள்ளி வைத்தால் உயிர் வந்துவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். வெயிலில் அது மட்டும் போதாது. மேலிமையின் நிழல் கண்ணின் மேல் பாதியில் விழுகிறது, அதை முதலில் போட வேண்டும். வீட்டுக்குள் கறுப்பாகத் தெரிகிற கண் வெயிலில் பாப்பா சுருங்கி, சுற்றியுள்ள வட்டம் தேன் நிறமாகத் திறந்துகொள்ளும். வெளிச்சம் விழுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், கண்ணின் கீழோரத்தில்தான் அந்தத் தேன் நிறம் அதிகம் ஒளிரும். பிறகு வானத்தின் நீலச் சாம்பல் துண்டு ஒன்று, அதற்குள் கடைசியாகச் சூரியனின் பொட்டு. மூக்கு ஈரமாக இருக்கும், அதன் மேல்பரப்பிலும் விழுவது வானம்தான். அங்கே வெள்ளை வைக்காமல் வெளிர் நீலத்தைப் புள்ளி புள்ளியாக வைத்தேன். மூக்குத் தோல் வழவழப்பானது இல்லை, பொரிப் பொரியாக இருக்கும், அதனால் மினுக்கு உடைந்துதான் விழ வேண்டும். நரைக்கு முதலில் நீலச் சாம்பல் தளம், காய்ந்த பிறகு மெல்லிய பிரஷால் சூடான வெள்ளை இழைகள். நரையைக் குறைத்துப் போட்டு இளமையாக்க மனம் வரவில்லை, அத்தையும் கேட்கவில்லை.

பின்னால் இருக்கிற மரங்களைச் சீக்கிரமே முடித்தேன். மாவிலைக்குப் பச்சை டியூப் எடுத்தால் பச்சைப் பெயின்ட் அடித்த மாதிரி இருக்கும். முற்றிய மாவிலையின் மேல்பக்கம் வானத்தை வாங்கிச் சாம்பல் நீலமாகத்தான் மின்னும். வெயில் ஊடுருவி வருகிற இலை மட்டும் மஞ்சள் பச்சை. ஆக்கரும் அல்ட்ராமரைனும் கலந்த மங்கல் பச்சையைத்தான் பெரும்பாலும் போட்டேன், அந்தச் சில இலைகளுக்கு மட்டும் விரிடியன் பச்சையும் மஞ்சளும்.

மரத்தடியில் விழுகிற வெயில் வட்டங்களுக்கு மட்டும் ஒரு முழுக் காலையைக் கொடுத்தேன். இலை இடுக்கு எந்தக் கோணல் வடிவத்தில் இருந்தாலும் தரையில் வட்டமாகத்தான் விழும், ஏனென்றால் அது சூரியனின் பிம்பம். 2019 டிசம்பர் 26 காலை கிரகணத்தன்று மரத்தடி முழுக்க அந்த வட்டங்கள் பிறைகளாக மாறிக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இது மறக்காது. வெளிச்சம் இடுக்கிலிருந்து தரைக்கு வருகிற தூரத்தில் சுமார் நூறில் ஒரு பங்குதான் வட்டத்தின் அகலம். நான்கு மீட்டர் வந்தால் நான்கு சென்டிமீட்டர். உயரத்துக் கிளையின் வட்டம் பெரிது, மங்கல், ஓரம் கரைந்தது. தாழ்ந்த கிளையின் வட்டம் சின்னது, அழுத்தமானது. காலைச் சாய்வெயிலில் எல்லாம் நீண்டு முட்டை வடிவமாகும். மணியின் பின் தொடையில் இரண்டு வட்டங்கள் விழுந்தன, சதையின் வளைவுக்கு ஏற்ப அவையும் வளைந்தன. அந்த வளைவே தொடையின் திரட்சியைக் காட்டிவிட்டதால் அங்கே வேறு நிழல் போட வேண்டியிருக்கவில்லை.

தோப்பில் ஆயில் வைத்து வரைகிறவர்களுக்கு ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் கெட்டியாகிறது, அப்போது சூடு கிளம்பும். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி ஒரு மூலையில் போட்டால் உள்ளே சூடு ஏறி, நெருப்பே இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்ளும். பங்குனியில் மாந்தோப்பு முழுக்கச் சருகு. துடைத்த துணிகளை மூடி போட்ட தகர டப்பாவில் தண்ணீருக்குள் போட்டு எடுத்து வந்தேன். டர்பன்டைன் டப்பாவை ஈசலில் உயரமாக மாட்டினேன். மணி எதையும் முகர்ந்து நக்கிப் பார்க்கிற நாய், டர்பன்டைன் அதற்கு விஷம். கேன்வாஸில் ஒட்டுகிற பூச்சியை ஈரத்தில் நோண்டாமல், காய்ந்த பிறகு கத்தி நுனியால் தட்டினால் தடமில்லாமல் விழுந்துவிடும்.

படம் பாதியில் இருந்தபோது அத்தை புளிக் கையோடு வந்து பார்த்தார். "என்னா கண்ணு, நீலமா அடிச்சி வெச்சிருக்கிற. மணி கறுப்பில்ல?" மோட்டார் ரூம் வரைக்கும் போய் நின்று பாருங்கள் என்றேன். போய் நின்றார். படத்தையும் மணியையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆமா, கறுப்புதான். முதுகு மேல வெயில் அடிக்குது" என்றார். கிட்டே வந்து மறுபடி பார்த்தார், மறுபடி தள்ளிப் போனார்.

இப்போது படம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் காய்கிறது. மேலே தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், உள்ளே ஆற ஆறு மாதமாவது ஆகும். வார்னிஷ் புரட்டாசியில்தான். அத்தைக்குத் திண்ணைச் சுவரில் மாட்ட ஆசை. அங்கே சாயங்கால வெயில் நேராக அடிக்கும். இதை முன்னமே யோசித்துத்தான் சீக்கிரம் வெளுக்கிற அலிசரின் கிரிம்சன் சிவப்பை இந்தப் படத்தில் தொடவே இல்லை. இருந்தாலும் கூடத்தின் வடக்குச் சுவர்தான் நல்லது என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஃபிரேம் போடும்போது பின்னால் அட்டை அடித்து, ஓரங்களை டேப்பால் ஒட்டிவிட வேண்டும். அந்த வீட்டில் எந்தப் படத்துக்குப் பின்னால் சந்து கிடைத்தாலும் குளவி மண்கூடு கட்டிவிடுகிறது, ஈர மண் கேன்வாஸில் பட்டால் முன்பக்க வண்ணம் வரைக்கும் பெயர்த்துவிடும்.